கணக்கர் வீட்டுப் புத்தக அலமாரி

இலண்டன் மாநகரின் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மாளிகை இருந்தது. 1860களின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டுவிட்டது. அந்த மாளிகையின் கணக்குப் பிரிவில் 1792ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினேழு வயது இளைஞர் ஒருவர் எழுத்தராக அமர்ந்தார். 1825 மார்ச் வரை, ஏறத்தாழ 33 ஆண்டுகள், அவர் அந்த மேசையை விட்டு எழவில்லை. தேயிலை, அவுரி, பட்டு, துணி மூட்டை என்று கீழை நாடுகளிலிருந்து வந்து ஏலம் போன சரக்குகளின் விலையைப் பேரேட்டில் பதிவதே அவர் வேலை. சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த துணியும் அந்தக் கம்பெனியின் ஏலத்துக்குப் போயிற்று. இந்தியாவை ஒருநாளும் கண்டறியாத அந்தக் கணக்கர்தான் சார்லஸ் லாம். ஆங்கிலக் கட்டுரை இலக்கியத்தில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் சிலரே.

தம் உண்மையான படைப்புகளைத் தேடுகிறவர்கள் லெடன்ஹால் தெரு அலமாரிகளில் நூறு பேரேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாக எழுதினார். வேடிக்கைதான், ஆனால் முழுப் பொய்யன்று. அந்தப் பேரேடுகள்தாம் ஒரு வீட்டைக் காத்தன.

லாம் 1775 பிப்ரவரி 10இல் பிறந்தார். தந்தை, இன்னர் டெம்பிள் என்னும் வழக்கறிஞர் வளாகத்தில் சாமுவேல் சால்ட் என்பவரிடம் எழுத்தராகவும் பணியாளாகவும் இருந்தவர். ஏழை வீடு. ஆனால் முதலாளியின் நூலறை பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது. சார்லசுக்குப் பத்து ஆண்டு மூத்தவரான தமக்கை மேரி, தடுப்பார் எவருமின்றி அங்கிருந்த பழைய ஆங்கில நூல்களில் மேய்ந்து வளர்ந்தார். தம்பிக்கு எழுத்தறிவித்தவரும் அவரே. பின்னர் கிறிஸ்துவின் மருத்துவமனை என்ற பெயருடைய அறப்பள்ளியில் லாம் பயின்றார். கவிஞர் கோல்ரிட்ஜ் அங்கே அவருக்கு நண்பரானார். கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜுக்குப் போனார். லாமுக்குத் திக்குவாய். அப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் செல்பவர் மதகுருவாக வேண்டியிருந்ததால் அந்தக் கதவு அவருக்கு அடைபட்டது. சிறிது காலம் தென்கடல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்துவிட்டுக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

1796 செப்டம்பர் 22. ஹோல்பர்ன் பகுதியின் ஒரு சிறிய வீடு. தாய் நடமாட முடியாதவர். தந்தை மூப்பினால் நினைவு தளர்ந்தவர். பகலில் தையல் வேலை செய்து பொருள் ஈட்டியும் இரவில் தாய்க்குப் பணிவிடை செய்தும் மேரி உறக்கமிழந்து சோர்ந்திருந்தார். அன்று பகலுணவுக்கு மேசை விரித்துக்கொண்டிருந்த வேளையில் அவர் அறிவு கலங்கிற்று. கையில் கிடைத்த கத்தியை எடுத்துத் தையல் பழகவந்த சிறுமியைத் துரத்தினார். தடுத்த தாயைக் குத்திவிட்டார். தாய் இறந்தார். ஓடிவந்து கத்தியைப் பறித்தவர் சார்லஸ். அவருக்கு வயது 21. அதற்கு முந்திய குளிர்காலத்தில் ஆறு வாரம் அவரே மனநோய் விடுதியில் இருந்து மீண்டவர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

விசாரணையில் மேரி சித்தம் கலங்கியவர் என்று தீர்ப்பாயிற்று. அவரை வாழ்நாள் முழுதும் விடுதியில் அடைத்துவிடலாம் என்பது மூத்த சகோதரரின் எண்ணம். இளையவர் இசையவில்லை. அடுத்த வாரங்களில் கோல்ரிட்ஜுக்கு அவர் எழுதிய கடிதங்கள் உலக இலக்கியத்தின் துயரமான கடிதங்களுள் வைக்கத்தக்கவை. ஆயினும் அவற்றுள் ஒன்றன் நடுவே ஒரு வீட்டுக் கணக்கு வருகிறது. குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 170 அல்லது 180 பவுன். அதில் மேரிக்கென்று 50 அல்லது 60 பவுன் ஒதுக்கலாம். எஞ்சியதில் தந்தையும் மற்றவரும் காலந்தள்ளலாம். தாயைப் புதைத்த கை அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. கணக்கர் தொழில் அவருக்கு முதன்முதலாகப் பயன்பட்ட இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அதே ஆண்டின் இறுதியில் அவர் இன்னொன்றும் செய்தார். தம் கவிதைகளையெல்லாம் எரித்தார். ஆண்டுக்கணக்காகத் தமக்குப் பிடித்த நூல்களிலிருந்து, சிறப்பாக போமண்ட், பிளெச்சர் என்னும் பழைய நாடகாசிரியர்களிடமிருந்து, எழுதிச் சேர்த்திருந்த குறிப்பேட்டையும் தீயிலிட்டார். இனி வீடும் அலுவலகமுமே வாழ்வு என்று அவர் துணிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

1799இல் தந்தை மறைந்தபின் மேரி தம்பியுடன் வாழ வந்தார். அதன்பின் 35 ஆண்டுகள் அவர்கள் பிரியவில்லை. பிரியவில்லை என்பதும் முழுமையாக உண்மையன்று. நோய் திரும்பத் திரும்ப வந்தது. உறக்கம் குறையும், பேச்சு மிகும், கண்களில் ஓர் ஒளி ஏறும். இருவருக்கும் அறிகுறி தெரியும். அப்போது சார்லஸ் அலுவலகத்தில் விடுப்புக் கேட்பார். இருவரும் கைகோத்துக் கண்ணீர் வழிய வயல்வழியே விடுதியை நோக்கி நடந்து செல்வதைக் கண்ட நண்பர் ஒருவர் அதைப் பிறருக்குச் சொல்லியிருக்கிறார். வெளியூர்ப் பயணம் புறப்படும்போதெல்லாம், கைகளைப் பிணித்துவைக்கும் முரட்டுச் சட்டையை மேரியே தம் துணிகளோடு மடித்து வைத்துக்கொள்வார். சில வாரமோ சில மாதமோ கழித்துத் தெளிவு வரும், வீடு திரும்புவார், மறுநாளே தேநீர்க் கெண்டி அடுப்பில் ஏறும்.

அந்த அன்றாட ஒழுங்கு அவ்வீட்டுக்கு மருந்தைப் போன்றது. பகலெல்லாம் தம்பி லெடன்ஹால் தெருவில். தமக்கை வீட்டில் தையல், சந்தை, சமையல். தையலைப் பற்றி 1815இல் மேரி ஒரு கட்டுரையே எழுதினார். பெண்கள் தம் வீட்டில் கூலியின்றித் தைப்பதால் அத்தொழிலை நம்பிய ஏழைப் பெண்களின் பிழைப்புக் கெடுகிறது என்பது அவர் வாதம். தையற்காரியாக வாழ்ந்து பார்த்தவரின் பேச்சு அது.

மாலையில் மெழுகுவத்தி ஏற்றியபின் ஒரே மேசையில் இருவரும் எழுத அமர்வார்கள். வில்லியம் காட்வின் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சிறுவர்க்குக் கதைகளாக்கியது இவ்வாறுதான். மேரி மூக்குப்பொடி இழுத்துக்கொண்டே எழுதுவார். சார்லஸ் முனகிக்கொண்டே எழுதுவார். இது உருப்படவே உருப்படாது என்று கடைசி வரி எழுதும் வரை சொல்வது தம்பியின் வழக்கம் என்று மேரி தோழிக்கு எழுதியிருக்கிறார். 1807இல் நூல் வெளிவந்தது. இருபது கதைகளில் பதினான்கு மேரி எழுதியவை. ஆறு துன்பியல் நாடகங்கள் மட்டுமே சார்லசின் பங்கு. தலைப்புப் பக்கத்திலோ சார்லசின் பெயர் மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டு மாணவர் பலர் ஷேக்ஸ்பியருக்குள் நுழைந்தது இந்தச் சிறுகதவின் வழியே. அவர்களுள் எத்தனைபேர் மேரியின் பெயரை அறிந்தார்களோ!

நூல் வாங்குவது அவ்வீட்டில் எளிய செயலன்று. போமண்ட், பிளெச்சர் நாடகங்களின் பழைய பெருவடிவப் பதிப்பு ஒன்று கோவென்ட் கார்டனில் ஒரு கடையில் இருந்தது. வாரக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியதையும், ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணி நெருங்கும்போது மனம் தாங்காமல் ஓடியதையும், கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே விளக்கேற்றி எடுத்துக் கொடுத்ததையும், பதினைந்து பதினாறு ஷில்லிங் போனதற்காகப் பழைய சட்டையையே இன்னும் சில வாரம் உடுத்ததையும் 'பழைய பீங்கான்' என்னும் கட்டுரையில் மேரியின் வாய்மொழியாகவே லாம் அமைத்திருக்கிறார். அவிழ்ந்த தாள்களைப் பசைகொண்டு ஒட்டும் வேலையை விடியும்வரை ஒத்திப்போட அவருக்குப் பொறுமையில்லை. 1796இல் தீயிலிட்ட குறிப்பேடும் இந்த ஆசிரியர்களுடையதுதான் என்பதை நினைத்தால் அந்த அவசரம் விளங்கும். 1808இல் பழைய நாடகாசிரியர்களின் சிறந்த பகுதிகளைத் தொகுத்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். எரிந்துபோன குறிப்பேடு பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஊருக்கெல்லாம் பொதுவாயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்து மற்ற நாடகாசிரியர்களை ஆங்கிலேயர் மீண்டும் படிக்கத் தொடங்கியதில் அத்தொகுப்புக்குப் பெரும் பங்குண்டு.

படிப்பில் அக்காளுக்கும் தம்பிக்கும் சுவை வேறு. அவருக்குப் பர்ட்டன், சர் தாமஸ் பிரௌன் போன்ற பழையவர்கள்; ஆயிரம் முறை படித்த பக்கத்தையே மீண்டும் படிப்பார். மேரிக்கோ புதுக்கதை வேண்டும்; நிகழ்ச்சி வேண்டும். ஒரே அறையில் ஒரே வெளிச்சத்தில் ஆளுக்கொரு நூலுடன் அமர்ந்திருப்பார்கள்.

புதன்கிழமை இரவுகளில், பிற்காலத்தில் வியாழக்கிழமைகளில், அந்த வீட்டில் நண்பர் கூடுவர். பக்கமேசையில் ஆறிய இறைச்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இருக்கும்; குடிக்கப் போர்ட்டர் என்னும் கறுப்பு மது. சீட்டாட்டம் நடக்கும். கேப்டன் குக்குடன் கடலோடிய பர்னி ஒருபுறம், காட்வின் ஒருபுறம், ஹாஸ்லிட் ஒருபுறம். இறந்தவர்களுள் எவரை நேரில் காண விரும்புவீர் என்று ஓரிரவு எழுந்த பேச்சை ஹாஸ்லிட் பின்னர்க் கட்டுரையாக்கினார். நியூட்டன், லாக் என்று பெரும்பெயர்கள் அடுக்கப்பட்டபோது லாம் அவற்றை ஒதுக்கிவிட்டு சர் தாமஸ் பிரௌனையும் ஃபல்க் கிரெவிலையும் கேட்டாராம். அறிமுகம் கேட்டது தம் அலமாரியில் நாள்தோறும் காண்கிறவர்களிடமே.

அலுவலகத்திலும் அவர் நூல்களை மறந்திருந்தவரல்லர். வட்டிக் கணக்கு அட்டவணை நூல் ஒன்று அங்கே அவர் மேசையில் கிடந்தது. வட்டி என்பதற்கும் சுவை என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்தச் சிலேடையை விடுவாரா? பத்திரிகை மதிப்புரைகளைப் போலவே எழுதி, இதைவிடச் சுவைமிக்க நூல் இல்லையென்று அதன் வெற்றுத்தாளில் பாராட்டி வைத்தார். அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறீரே என்று மேலதிகாரி கேட்டபோது, அதற்கு ஈடாகச் சீக்கிரம் போய்விடுகிறேனே என்று விடையிறுத்த கதை இலண்டன் எழுத்தர்களிடையே வழங்கிவந்தது.

உடன் பணிசெய்தோருள் வால்ட்டர் வில்சன் என்பவரோடு அவருக்கு உண்டான நட்பு தனியே சொல்லத்தக்கது. வில்சன் சமயப்பற்று மிக்கவர், அமைதியானவர். 1801 கோடையில் ரிச்மண்டில் லாம் மதுமயக்கத்தில் தகாதவாறு நடந்துகொண்டதால் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. லாம் தம் குற்றத்தை மறைக்காமல் மன்னிப்புக் கடிதம் எழுதினார். குடி அவருடைய வாழ்நாள் குறை. அதை அவர் அறிந்திருந்தார், மேரியும் அறிந்திருந்தார், பலமுறை விட முயன்றும் முடியவில்லை. வில்சன் பின்னர்க் கம்பெனி வேலையை விட்டுப் புத்தக வணிகரானார். டேனியல் டீஃபோவின் வரலாற்றை எழுத முனைந்தபோது பழைய தோழரை நினைத்தார். 1822 டிசம்பரில் லாம் எழுதிய விடை, கடிதமாகத் தொடங்கி நல்ல திறனாய்வாக முடிந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவன் ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் அழுத்திச் சொல்வதுபோல டீஃபோ எழுதுகிறார். நம்பாமல் இருக்க முடியாதபடி செய்கிறார். கடலோடிகளும் பணிப்பெண்களும் அவரைப் படிப்பது அந்த வீட்டுப்பேச்சு நடையினால்தான் என்று அதில் விளக்கினார். சமையலறையில் படிக்கப்படும் நூலை இகழாத திறனாய்வாளர் அவர். 'ராபின்சன் குரூசோ'வை மட்டும் போற்றி டீஃபோவின் மற்றக் கதைகளை மறந்துவிட்டவர்களுக்காக இன்னொரு கட்டுரையும் எழுதித் தந்தார். 1830இல் வில்சனின் நூல் வந்தபோது இரண்டும் அதில் இடம்பெற்றன.

கம்பெனியில் பணியாற்றிய ஈவன்ஸ் என்ற மற்றொருவரின் வீட்டில் 1815இல் நடந்த விருந்தில்தான் டால்ஃபர்ட் என்ற சட்டம் பயிலும் இளைஞர் லாமைச் சந்தித்தார். பிற்காலத்தில் லாமின் கடிதங்களைத் தொகுத்து வரலாற்றை எழுதியவர் அவரே.

பழைய அலுவலகத் தோழர் ஒருவரின் பெயரையே லாம் இரவல் வாங்கினார். 1820 ஆகஸ்டில் 'லண்டன் மேகசின்' இதழில் தென்கடல் நிறுவனத்து நினைவுகளைக் கட்டுரையாக வெளியிட்டபோது, அங்கே முன்பு உடன் இருந்த எலியா என்னும் இத்தாலியரின் பெயரில் ஒப்பமிட்டார். பெயரைத் திருடிய குறும்பைச் சொல்லிச் சிரிக்கலாமென்று பின்னர் ஒருநாள் அவரைத் தேடிப் போனார். எலியா காசநோயால் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெயர் லாமிடமே தங்கிவிட்டது. 1823இல் 'எலியாவின் கட்டுரைகள்' நூலாயிற்று. மேரி அதில் பிரிட்ஜெட் என்னும் ஒன்றுவிட்ட சகோதரியாக உலவுகிறார். வாசகர் அவரை விரும்பினர். 1796இல் நடந்தது அவர்களுட் பலருக்குத் தெரியாது. மேரியும் மறைந்தபின் 1848இல்தான் டால்ஃபர்ட் அதை வெளியிட்டார்.

எலியாவாக அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று மனித இனத்தைக் கடன் கொடுப்போர், கடன் வாங்குவோர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நூல் இரவல் வாங்குவோரை அதில் கடிந்துகொள்கிறார். கோல்ரிட்ஜ்தான் முதற்குற்றவாளி. லாம் இல்லாத நேரம் வந்து அலமாரியில் ஒரு பெருநூலை உருவிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை பணிப்பெண் பெக்கி, போன நூலின் பெயரை ஓர் அழுக்குத் துண்டுத்தாளில் தன்னால் இயன்றவாறு எழுதி வைத்திருந்தாள். மார்ட்டின் லூதரின் உரையாடல் நூல் அவள் எழுத்தில் ஏதோ மேசைகளைப் பற்றிய நூலாகியிருந்தது. இழந்தது இன்னதென்று கண்டுபிடிக்கவே லாமுக்கு நெடுநேரம் ஆயிற்று. கோல்ரிட்ஜுக்குக் கோபக் கடிதம் பறந்தது. ஆனால் அந்தக் கட்டுரையின் முடிவில் லாம் தம் கட்சியைத் தாமே கைவிடுகிறார்: கொடுத்தால் கோல்ரிட்ஜ் போன்றவருக்குக் கொடுங்கள், நூல் வட்டியோடு திரும்பும் என்கிறார். வட்டியென்பது ஓரங்களில் கோல்ரிட்ஜ் எழுதும் குறிப்புகள். அந்தச் சனிக்கிழமை இரவு நூலும் அவ்வாறு குறிப்பேறித் திரும்பியது. அது பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நூலைப் பூட்டிவைத்தவனாக அல்ல, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தவனாகத்தான் எலியாவைக் கொள்ள வேண்டும்.

வங்கி எழுத்தராக இருந்த கவிஞர் பெர்னார்ட் பார்ட்டன் வேலையை உதறிவிட்டு எழுத்தையே நம்பி வாழலாமா என்று 1823இல் கேட்டபோது, மேசையை நாளெல்லாம் சபித்த லாம் பதறிப்போனார். பதிப்பாளரின் தயவில் வாழ்வதைவிட மலையுச்சியிலிருந்து குதிப்பது மேல் என்ற பொருள்பட எழுதித் தடுத்தார். அது கோழைத்தனமென்று எண்ணுபவர் மேரியை நினைத்துப் பார்க்கவேண்டும். தவறாமல் வந்த சம்பளம் இல்லையேல் அக்காளுக்கு வீடு ஏது? பொது விடுதியின் வைக்கோற்படுக்கைதான்.

1825 மார்ச் 29இல் கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஆண்டுக்கு 450 பவுன் ஓய்வூதியம், தமக்குப்பின் மேரிக்கு உதவித்தொகை கிடைப்பதற்காக 9 பவுன் பிடித்தம், கையில் 441. கடைசிக் கணக்கிலும் மேரி இருந்தார். விடுதலை கிடைத்த முதல் வாரங்களில் அவர் திகைத்துப்போனார். ஞாயிறு எது, திங்கள் எது என்பது மறந்தது. பழைய மேசையைப் பார்க்கப் போனால் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தோழர்கள் அன்பாகப் பேசியும் பழைய உரிமை இல்லை. நாளடைவில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பறையில் ஒரு புது மேசையைத் தேடிக்கொண்டார். அலுவலகம் போவதைப் போலவே நாள்தோறும் போய்ப் பழைய நாடகங்களைப் படித்துப் பகுதிகளை எழுதியெடுத்தார்.

1827இல் இருவரும் என்ஃபீல்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பக்கத்து வீட்டுச் சிறுவன் தாமஸ் வெஸ்ட்வுட்டுக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும். லாம் தம் அலமாரியை அவனுக்குத் திறந்துவிட்டார். சால்ட் தம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்ததை அவர் மறக்கவில்லை போலும். நண்பர்கள் அன்பளிப்பாக அனுப்பிய புதுநூல்கள் அலமாரியில் நிற்க இடமின்றி அவனுக்கே போயின. போன வழிதான் விசித்திரம்: லீ ஹண்ட்டின் நூல் ஆப்பிள் மரக்கிளைகளின் ஊடே பறந்துவந்து அவன் காலடியில் விழும், பார்ட்டனின் நூல் மாடிப்படியில் உருண்டுவரும். அச்சிறுவன் வளர்ந்து கவிஞரானான். இந்தச் செய்திகளை எழுதிவைத்தவனும் அவனே.

மேரியின் நோய் நீண்டுகொண்டே வந்தது. தெளிந்த நாட்கள் குறைந்தன. 1833இல், நோயாளிகளைப் பேணும் எட்மண்டன் ஊர் இல்லம் ஒன்றுக்குத் தமக்கையோடு சார்லசும் குடிபுகுந்தார். பிரிந்திருப்பதைவிட அங்கே சேர்ந்திருப்பது மேலென்று எண்ணினார். 1834 ஜூலையில் கோல்ரிட்ஜ் மறைந்தார். அதன்பின் பேச்சின் இடையே திடீரென்று கோல்ரிட்ஜ் இறந்துவிட்டார் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வாராம். டிசம்பரில் சாலையில் தடுக்கி விழுந்தார். முகத்தில் ஏற்பட்ட சிறுகாயம் அக்கியாகப் பரவிற்று. டிசம்பர் 27இல் உயிர் பிரிந்தது. மேரி அந்த இழப்பை முழுதும் உணரும் நிலையில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து, 1847 மே மாதத்தில் தம்பியின் கல்லறையிலேயே அடக்கமானார்.

இறப்பதற்குமுன் லாம் ஒரு நூலை இரவல் வாங்கியிருந்தார். தாந்தேயை ஆங்கிலத்தில் பெயர்த்த கேரி, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூல்களின் காப்பாளர்களுள் ஒருவர், நூல் அவருடையது. பழைய ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றி எட்வர்ட் பிலிப்ஸ் தொகுத்தது. லாம் மறைந்தபின் பதிப்பாளர் மாக்சன் அதைக் கேரியிடம் சேர்ப்பித்தார். சர் பிலிப் சிட்னியைப் பற்றிய பக்கத்தில் தாளின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.